ஏலத்துக்குப் போகாத படகு

இர்மா சொர்வாரியின் பான்டூன் படகு இடப்பக்கம் சாய்ந்து மிதந்ததற்குக் காரணம் நான். அது எனக்கே ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில்தான் தெரிந்தது. அதற்குள் அவள் அந்தப் படகைத் தானம் கொடுப்பதாக அறிவித்து, தானம் வாங்குகிறவர்களோடு சண்டையும் தொடங்கியிருந்தாள்.

பான்டூனைப் போல எளிமையான படகு வேறு இல்லை. இரண்டு முனையும் அடைத்த அலுமினியக் குழாய்கள் இரண்டு. ஒவ்வொன்றும் இருபத்து நான்கு அடி நீளம், இரண்டு அடி விட்டம். இவைதான் மிதவைகள். இரண்டையும் எட்டு அடி அகலத்தில் இணையாகப் போட்டு, மேலே ஒரு தட்டையான தளம், சுற்றிலும் கம்பி வேலி, நாலு சோபா, வெயிலுக்கு ஒரு துணிக் கூரை, பின்னால் ஒரு மோட்டார். அவ்வளவுதான். வேகம் கிடையாது, அழகும் கிடையாது. எங்கள் டாமராக் ஏரியில் இரண்டு வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

அதன் பெருமை அந்தத் தட்டையான தளத்தில் இருக்கிறது. மற்ற படகுகளுக்கு வயிறு உண்டு, கால் தூக்கி உள்ளே இறங்க வேண்டும். பான்டூனில் அப்படியில்லை. துறையின் பலகையும் படகின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். வேலியில் இருக்கும் கதவைத் திறந்தால், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதுபோல நடந்து போகலாம். நடக்க முடியாதவர்கள் உருண்டும் போகலாம்.

இர்மாவின் மனதில் இருந்தது இந்தக் கடைசி விஷயம்தான். இருபத்தேழு வருடம் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பெரிய மஞ்சள் பேருந்து அல்ல, பின்னால் சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் இயந்திரம் வைத்த குட்டைப் பேருந்து. அவள் ஏற்றி இறக்கிய பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் பதினோரு பேர் ஊர் எல்லையில் உள்ள பிர்ச்பெண்ட் இல்லத்தில் இருக்கிறார்கள். இல்லத்துக்கும் ஏரிக்கும் இரண்டு மைல். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இதுவரை தண்ணீரில் போனதில்லை.

இந்த வசந்தத்தில் இர்மா ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டு ஊருக்குள் குடியேறினாள். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. வீட்டை வாங்கியவர்கள் துறையைக் காலி செய்யச் சொன்னார்கள். படகை இல்லத்துக்குக் கொடுப்பதாக அவள் கடிதம் எழுதினாள். படகு நிற்க இடமும் ஏற்பாடு செய்தாள், என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு முன்னால் உள்ள அகலத் துறையில். வாடகை கேட்டால் காதைத் திருகிவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

இல்லத்தின் அறக்கட்டளையிலிருந்து பதில் வந்த அன்று, கடிதத்தோடு என் கடைக்குள் வந்தாள்.

"படிச்சுப் பாரு, ஆர்டென்."

படித்தேன். நன்றி, மிக்க நன்றி, ஏல யார்டிலிருந்து வண்டி வந்து படகை இழுத்துப் போகும், விற்ற பணத்தில் இல்லத்தின் கூரையை மாற்றுவோம், இப்படிக்கு மெர்லின் டாஃப்ட், தலைவர்.

"இதுல என்ன? எல்லாரும் இப்படித்தானே செய்யறாங்க?"

உண்மையில் அப்படித்தான். பழைய படகைத் தர்மத்துக்குக் கொடுத்தால், அதை வாங்குகிறவர்கள் அந்தப் படகைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு யார்ட்காரர் வந்து இழுத்துப் போவார், ஏலம் விடுவார், தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவார். கொடுத்தவருக்கு வரி கட்டும்போது காட்ட ஒரு ரசீது கிடைக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஓடாத படகுக்கு அதுதான் நல்ல வழியும்கூட.

"ஓடாத படகுக்குச் சரி," என்றாள் இர்மா. "என் படகு ஓடும். அவங்களுக்குக் கூரைக்குக் காசு வேணும்னா கூரைக்குன்னு கேக்கட்டும், கொடுக்கறேன். இது கூரை இல்ல, படகு. என் பஸ்ல வந்த ரோவீனா இதுல ஏறி உக்காரணும். அதுக்குத்தான் கொடுக்கறேன்."

"மெர்லின் கிட்டச் சொல்லு."

"சொல்லியாச்சு. வந்துட்டே இருக்கார்."

மெர்லின் டாஃப்ட் முப்பது வருடம் காப்பீடு விற்றவர். நல்ல மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்றுதான் முதலில் யோசிப்பார். வந்தவர் துறையில் நின்று, தலையைச் சாய்த்து, படகை வெகுநேரம் பார்த்தார்.

"இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு, இர்மா."

"கொஞ்சம்."

"மோட்டார் வச்ச சக்கர நாற்காலி ஒண்ணு, ஆளோட சேத்து ஐந்நூறு பவுண்டு எடை. அதுல மூணை ஏத்தறீங்கன்னு வச்சுக்கோங்க. மூணும் இடப்பக்கமே நின்னா?"

"நிக்காது. நான் நிக்க விட மாட்டேன்."

"நீங்க விட மாட்டீங்க. படகு விடும்." அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை மதியம் அறக்கட்டளை போர்டு கூடுது. அதுக்குள்ள இது நேரா மிதந்தா, படகாவே எடுத்துக்கறதைப் பத்திப் பேசுவோம். இல்லன்னா ஏலம்தான்."

"நேரா மிதந்தாப் போதும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவர் போனதும் படகை டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தோம். பான்டூனின் நோயைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, விரல் முட்டி போதும். ஒவ்வொரு மிதவையின் உள்ளேயும் குறுக்குத் தகடுகள் வைத்து, மூன்று அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறை ஓட்டையானாலும் மற்ற இரண்டும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. இட மிதவையின் முன்னறையைத் தட்டினேன், டங் என்றது. நடு அறையும் டங். பின்னறையைத் தட்டினேன். நனைந்த மூட்டையைத் தட்டியது போலச் சத்தமே எழவில்லை.

"இதுக்குள்ள என்ன இருக்கு, இர்மா?"

அவள் என்னையே பார்த்தாள். "நீ அடிக்கச் சொன்ன நுரைதான்."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எட்டு கோடைக்கு முன்னால் அந்த அறையில் எங்கோ மெல்லக் கசிகிறது என்று அவள் வந்து சொன்னாள். ஓட்டையைத் தேடி வெல்டிங் வைக்க எனக்கு நேரம் இல்லை. மேலே ஒரு துளை போட்டு நுரைத் திரவம் ஊற்றிவிடு என்றேன். இரண்டு டப்பாத் திரவத்தைக் கலந்து ஊற்றினால் அது பொங்கி, இறுகி, அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே இடமே இல்லையென்றால் தண்ணீர் எங்கே வரும்? இந்த ஏரியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். டப்பாக்களை விற்றதும் நான்தான்.

கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நுரை என்பது கோடிக்கணக்கான குட்டிக் குமிழ்கள். இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் ஐந்து மாதம் எல்லாம் உறைந்து கிடக்கும். ஒரு குமிழில் ஒரு சொட்டு ஈரம் போனால், அது உறைந்து விரிந்து பக்கத்துக் குமிழின் சுவரை உடைக்கும். அடுத்த வருடம் தண்ணீர் அங்கே போகும், அதுவும் உறையும். வெறும் அறையில் புகுந்த தண்ணீரையாவது பம்பு வைத்து இறைத்துவிடலாம். நுரைக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வரவே வராது. எட்டு வருடத்தில் என் நுரை, தகரத்துக்குள் அடைத்த ஈரப் பஞ்சு ஆகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எப்படியும் எழுநூறு பவுண்டு. நாலு தடியர்களை இடது பின்மூலையில் உட்கார வைத்துக்கொண்டு இர்மா எட்டு வருடம் படகு ஓட்டியிருக்கிறாள்.

"என் தப்பு," என்றேன்.

"உன் தப்புன்னு எனக்கும் தெரியுது. எடு வெளிய."

"அதை எடுக்க முடியாது, இர்மா. யாரும் எடுத்ததில்ல. மிதவையை மாத்தத்தான் செய்வாங்க. அதுக்கு ஆறு வாரம் ஆகும்."

"இன்னிக்குப் புதன். சனிக்கிழமைக்கு ஆறு வாரம் இல்ல."

அவள் கடையின் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே குளிர்காலச் சாமான்கள் தொங்கிக்கொண்டிருந்தன. உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் துளை போடும் திருகு ஒன்றும் இருந்தது. கையால் சுற்றுவது, எட்டு அங்குல அகலம். இரண்டு அடிப் பனிக்கட்டியில் அதைச் சுற்றினால், துருவல் துருவலாகப் பனியை மேலே கொண்டுவந்து கொட்டும்.

"அது நுரையைத் துருவாதா?"

திருகைச் சுவரிலிருந்து இறக்கிப் பார்த்தேன். துருவும்.

மிதவையின் பின்முனையில் பத்து அங்குல வட்டமாகத் தகட்டை வெட்டி எடுத்தேன். திருகின் தண்டில் எட்டு அடி நீளத்துக்குக் குழாயை இணைத்தேன். இர்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். பழுப்பு மஞ்சளாக, சொட்டச் சொட்ட, பழைய ஏரி வாடையோடு நுரை வெளியே வந்து விழுந்தது. முழங்கால்தான் அவளுக்குப் பழுது. தோள் இரண்டும் இன்னும் பேருந்து ஓட்டுநரின் தோள்தான்.

துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூன் மாதத்தில், காய்ந்த தரையில், படகின் பின்புறத்தில் ஒருத்தி பனித் திருகு சுற்றுவது எங்கள் ஊரில் சாதாரணக் காட்சி இல்லை.

"என்ன இர்மா, மீன் ஏதாச்சும் கடிக்குதா?" என்றான் ஒருவன்.

"மெர்லின் டாஃப்ட் ரெண்டு தடவ கடிச்சார். சின்ன மீன், விட்டுட்டேன்."

வியாழக்கிழமை பிற்பகல் இல்லத்தின் வேன் வந்து நின்றது. ரோவீனா இறங்கினாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறவியிலிருந்தே கால்களும் இடது கையும் வசமில்லை. வலது கை நன்றாக வேலை செய்யும், நாக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும். நாற்காலியை நுரைக் குவியலின் ஓரம்வரை ஓட்டி வந்தாள்.

"டிரைவரம்மா, இந்தக் குப்பையையா எங்களுக்குத் தானம் கொடுக்கப் போறீங்க?"

"குப்பை ஆர்டெனோடது. படகு மட்டும்தான் என்னோடது."

"இல்லத்துல தினமும் இதே பேச்சுதான். படகு வேணுமா, காசு வேணுமான்னு எல்லாரும் எல்லாரையும் கேக்கறாங்க. எங்களை மட்டும் ஒருத்தரும் கேக்கல."

"நான் கேக்கறேன். வேணுமா?"

ரோவீனா படகைப் பார்த்தாள். வெட்டிய ஓட்டையையும், சேற்றில் நின்ற என்னையும் பார்த்தாள். "போன தடவ யாரோ எங்களுக்குப் பில்லியர்ட்ஸ் மேசை கொடுத்தாங்க. போர்டு அதை வித்து ஆபீஸுக்குக் கம்பளம் போட்டுச்சு. அன்னிக்குத்தான் எங்க குடியிருப்போர் மன்றத்தைத் தனி அறக்கட்டளையாப் பதிவு பண்ணினேன். நான்தான் தலைவி. இதுவரைக்கும் எங்ககிட்ட இருக்கற சொத்து ஒரு காபி மெஷின்." திருகின் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். "வேணும், டிரைவரம்மா. நல்லாவே வேணும்."

வெள்ளிக்கிழமை காலைக்குள் நுரை முழுவதும் வந்துவிட்டது. முழுவதும் என்றால் ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல். மூங்கிலில் களைக்கொத்தைக் கட்டிச் சுவரோரம் சுரண்டினேன். இதில் சோம்பல் கூடாது. வெல்டிங் சூட்டில் அந்த நுரை பற்றிக்கொள்ளும், அதன் புகை ஆளைக் கொல்லும். பிறகு உள்ளே காற்றாடி வைத்துக் காய வைத்து, வெட்டிய வட்டத்தைத் திரும்ப வைத்து வெல்டிங் அடித்தேன்.

இனி பழைய கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். மேலே இருக்கும் துளை வழியாக சைக்கிள் பம்பால் காற்று அடித்தேன். மிகக் கொஞ்சம்தான் அடிக்க வேண்டும், கார் டயரில் இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆசைப்பட்டு இன்னும் அடித்தால் மிதவை பூசணிக்காய் போல உப்பிவிடும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக்கொண்டே போக வேண்டும். காற்று வெளியேறும் இடத்தில் குமிழ் வரும். இர்மா பக்கவாட்டில் பூசினாள், நான் மல்லாந்து படுத்து அடியில் பூசினேன். அடியில், டிரெய்லரின் போல்ட் தலை ஒன்று வருடக்கணக்கில் உரசிய இடத்தில், ஒரே ஒரு குமிழ் மெதுவாகப் பெருத்தது. கடுகளவு ஓட்டை.

அதை அடைக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

"இந்த அஞ்சு நிமிஷம்தான் உனக்கு எட்டு வருஷத்துக்கு முன்னாடி இல்லையாக்கும்," என்றாள் இர்மா.

நான் வெல்டிங் கம்பியைச் சுருட்டி வைத்தேன்.

அன்று மாலை நாலு மணிக்கு மெர்லின் தொலைபேசியில் அழைத்தார். இர்மா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு யார்ட் வண்டி வரும், இர்மா. தயாரா வச்சிருங்க."

"படகு நேராயிடுச்சு, மெர்லின்."

"ரொம்ப சந்தோஷம். நேரா இருந்தா ஏலத்துலயும் நல்லா போகும். நான் போர்டுல ரெண்டு பேர்கிட்டப் பேசிட்டேன். எல்லாருக்கும் அதுதான் சரின்னு படுது. கஷ்டப்பட்டிருக்கீங்க, உங்க பேரை இல்லத்து வாசல் பலகையில போடறோம்."

"நேரா மிதந்தாப் போதும்னு சொன்னீங்க."

"பேசுவோம்னு சொன்னேன். பேசினோம்."

இர்மா அழைப்பைத் துண்டித்தாள். கையைத் துணியில் துடைத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. இருபத்தேழு வருடம் பேருந்தில் கத்தாமலே பழகியவள்.

"படகுப் பதிவு அட்டை என் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நான் கையெழுத்துப் போடற வரைக்கும் இது யாரோடதும் இல்ல. என்னோடது." வண்டிச் சாவியை எடுத்தாள். "நான் இல்லத்துக்குப் போய்ட்டு வரேன். நீ தளத்துல மரக்கட்டை அடி."

மரக்கட்டை எதற்கு என்று சொல்ல வேண்டும். பேருந்தில் நாற்காலியைத் தரையோடு வாரால் கட்டுவார்கள், ஆளை நாற்காலியோடு கட்டுவார்கள். தண்ணீரில் அதே பழக்கத்தைச் செய்தால் கொலை. படகு கவிழ்ந்தால் முந்நூறு பவுண்டு இரும்போடு ஆள் அடியில் போய்விடுவார். ஆகவே ஆளைக் கட்டவே கூடாது, நல்ல மிதவைச் சட்டை மட்டும் போட வேண்டும். நாற்காலி நகராமல் இருக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். மோட்டார் பின்னால் கனமாக இருப்பதால் நாற்காலிகளை நடுவிலிருந்து கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் யோசித்து, பன்னிரண்டு கட்டைகள் வெட்டி, முன்கட்டைகளைத் திருகாணி போட்டு இறுக்கினேன், பின்கட்டைகளை நாற்காலி ஏறிய பிறகு பொருத்த எடுத்து வைத்தேன். ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிவிட்டு, ஒரே கையால் சுற்ற வசதியாக ஸ்டீயரிங்கில் ஒரு கைப்பிடிக் குமிழும் பொருத்தினேன். இர்மா கேட்கவில்லை. ஆனால் அவள் இல்லத்துக்கு எதற்குப் போனாள் என்று எனக்குப் புரிந்திருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் படகைத் தண்ணீரில் விட்டோம். தளத்தின் நடுவில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் சரியாக நடுவில் நின்றது. ஒரு மணிக்கு வேன் வந்தது. ரோவீனா, அவளோடு இன்னும் இருவர், துணைக்கு ஓர் உதவியாளர். மூன்று நாற்காலிகளும் துறையிலிருந்து தளத்துக்கு ஒரு பலகை மேல் உருண்டு ஏறின. ஒவ்வொன்று ஏறும்போதும் படகு ஓர் அங்குலம் இறங்கியது, இரண்டு பக்கமும் ஒரே அளவில். படகின் தகட்டில் எழுதியிருந்த சுமை வரம்பு இரண்டாயிரத்து முந்நூறு பவுண்டு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தோம்.

மெர்லின் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தார். கூட்டம் முடிந்திருந்தது. கையில் உறை.

"நேராத்தான் இருக்கு," என்றார். "ஒத்துக்கறேன். நல்ல வேலை, ஆர்டென். சரி, எல்லாரும் இறங்கலாம். இர்மா, இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. போர்டு பேருக்கு."

"தானம் கொடுத்தாச்சு, மெர்லின்."

"புரியல."

இர்மா பதிவு அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். "நேத்து சாயங்காலம். அறக்கட்டளைக்குத்தான் கொடுத்திருக்கேன். உங்களோடதுக்கு இல்ல."

மெர்லின் கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். பிர்ச்பெண்ட் குடியிருப்போர் மன்றம். கீழே இர்மாவின் கையெழுத்து. அதற்குக் கீழே ரோவீனாவின் கையெழுத்து, கோணலாக, பெரிதாக.

"பாரும்மா ரோவீனா," என்று ஆரம்பித்தார்.

"என்னை பாரும்மான்னு சொல்லாதீங்க, மெர்லின். நான் தலைவி. நீங்களும் தலைவர். தலைவர் மாதிரி பேசுங்க."

"சரி. காப்பீடு? ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"எடுத்தாச்சு. உங்க பழைய ஆபீஸ்லதான். உங்க மருமகன்தான் எழுதிக் கொடுத்தார். காலையில அரை மணி நேரம் பேசிக் குறைச்சேன்."

மெர்லினின் வாய் ஓரம் லேசாக இழுத்தது. கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "ஓட்டப் போறது யாரு?"

ரோவீனா வலது கையை ஸ்டீயரிங் குமிழில் வைத்தாள்.

அந்த நேரத்தில் யார்ட் வண்டி சரிவில் பின்பக்கமாக இறங்கி வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "எந்தப் படகு?" என்றார். மெர்லின் அவர் பக்கம் திரும்பினார். உதவியாளர் படகின் வேலிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நான் முன்கயிற்றை அவிழ்த்தேன், இர்மா பின்கயிற்றை.

"நில்லுங்க, நான் இன்னும் பேசி முடிக்கல," என்றார் மெர்லின்.

"நாங்களும் வந்து பேசறோம்," என்றாள் ரோவீனா. "இப்ப இல்ல."

படகு பின்னோக்கித் துறையை விட்டு விலகியது. ரோவீனா குமிழைப் பிடித்து ஸ்டீயரிங்கைச் சுற்றினாள். முதல் தடவை அதிகமாகச் சுற்றி, திருத்தி, நேராக்கினாள். கரையில் மெர்லின் யார்ட் ஓட்டுநரிடம் கையை ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

இர்மா அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முத சுத்து, கண்ணு. மெதுவா, கரையோரமாவே போ."

"கரையை நாப்பத்து நாலு வருஷமாப் பாத்துட்டேன், டிரைவரம்மா," என்றாள் ரோவீனா. ஏரியின் நடுப்பக்கம் மூக்கைத் திருப்பி, வேகம் கூட்டும் நெம்புகோலை முன்னால் தள்ளினாள்.